அசல் பேட்டரியைக் கவுண்டரில் விற்றுத் தாருங்கள்: கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கைபேசி விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம், உணவு டெலிவரிக்கு ஓடும் ஒரு தம்பி தன் போனை உங்களில் ஒருவருடைய சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனார். வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பேட்டரி உப்பிப் பின்மூடி ஒரு ஓரம் பெயர்ந்திருந்தது; மற்றபடி போனில் ஒரு குறையும் இல்லை. "இந்த மாடலுக்கு பேட்டரி வர்றதில்ல, எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரியே அவர் வண்டி ஓட்டியாக வேண்டும். வெளியே கிடைத்த டூப்ளிகேட்டைப் போட்டுக்கொண்டு போனார். ஐந்தாவது வாரம் அதுவும் உப்பிவிட்டது.

கைபேசி பழுதுபார்க்கும் நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகு குறைந்தது 7 ஆண்டுகளுக்கு அதன் அசல் பேட்டரியை, கேட்பவர் யாராக இருந்தாலும், பில் போட்டுக் கவுண்டரில் விற்க வேண்டும்.

சென்னையில் எந்த வீட்டு மேசை டிராயரைத் திறந்தாலும் அந்தக் குடும்பம் வைத்திருந்த போன்கள் வரிசையாகக் கிடக்கும். அதில் 2003-இல் வந்த நோக்கியா 1100 ஒன்று இருந்தால், இன்றைக்கும் ஒரு பிஎல்-5சி பேட்டரியைப் போட்டு அதன் டார்ச்சை எரியவிடலாம். மூடியை விரலால் தள்ளித் திறந்து, பழையதை எடுத்து, புதியதை வைத்து மூட அரை நிமிடம் போதும். அதே டிராயரில் 2018, 2019 வாக்கில் வாங்கிய போன் செத்துக் கிடக்கும். குழந்தை முதலில் நடந்தது, தாத்தாவின் கடைசிப் பொங்கல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. போர்டு நன்றாக இருக்கிறது, டிஸ்ப்ளே நன்றாக இருக்கிறது. பேட்டரி கிடைக்காததால் அந்தப் படங்களை யாரும் பார்க்க முடியவில்லை.

பிஎல்-5சி-யிலும் பிரச்சினை வந்ததுண்டு. 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் தயாரானவற்றில் சில சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகின்றன என்று 2007 ஆகஸ்ட்டில் நோக்கியாவே அறிவித்தது. மொத்தம் 4.6 கோடி பேட்டரிகள். பேட்டரியைக் கழற்றி, அதில் அச்சிட்டிருந்த 26 எழுத்து எண்ணைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு இலவசமாக மாற்றித் தந்தார்கள். கையால் கழற்ற முடிந்ததால்தான் அது நடந்தது. இன்று அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் உங்கள் வாடிக்கையாளர் எந்த எண்ணை, எப்படிப் படிப்பார்?

இப்போதைய போனில் பேட்டரி மாற்றுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கடையில் அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். பின்மூடியை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் பசை இளகும். பிறகு சக்ஷன் கப் வைத்து இழுத்து, இடுக்கில் பிளாஸ்டிக் அட்டை விட்டுச் சுற்றிலும் அறுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஸ்குரூ கழற்றியதும் வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி கனெக்டரைப் பிடுங்க வேண்டும். அதன் பிறகுதான் அசல் வேலை. பேட்டரி கீழே ஃபிரேமோடு ஒட்டியிருக்கும். இழுக்கும் டேப் வைத்திருந்தால் புண்ணியம். பாதியில் அறுந்துபோனால், பசையை இளக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தை ஓரங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு, சில நிமிடம் காத்திருந்து, மெல்ல மெல்லக் கிளப்ப வேண்டும். பல மாடல்களில் டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் (திரையைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய பட்டை வயர்) பேட்டரிக்கு அடியிலேயே ஓடுகிறது. அட்டை ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போனால் பேட்டரி மாற்ற வந்தவர் டிஸ்ப்ளேக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதுதான்.

இதில் மிகக் கொடுமையான இடம் ஒன்று உண்டு. உப்பிய பேட்டரிக்குச் சூடு காட்டக் கூடாது. உங்கள் பசையோ சூடில்லாமல் விடாது. உடனடியாகக் கழற்றியாக வேண்டிய பேட்டரிதான் கழற்றவே முடியாதபடி உள்ளே இருக்கிறது. வாயு நிறைந்த மெல்லிய பை அது. பிஎல்-5சி-க்கு இருந்ததுபோல உலோகக் கூடு கிடையாது. பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொண்டு, சூடே காட்டாமல், ஐபிஏ-யை மட்டும் நம்பி அதைக் கிளப்புகிறோம். ஒரு மடிப்பு, ஒரு கீறல் விழுந்தால் தீ.

இவ்வளவும் செய்து உள்ளே எதைப் போடுகிறோம்? நீங்கள் அசலைத் தராததால் சந்தையில் கிடைப்பதை. போனின் சார்ஜிங் 4.4 வோல்ட்டுக்கு மேல் போகிறது. டூப்ளிகேட்டுக்குள் பல சமயம் 4.2 வோல்ட் வரைதான் தாங்கும் செல் இருக்கிறது. அது உப்பாமல் என்ன செய்யும்? வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் சிலர் சாதாரண 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்துவிடுகிறார்கள். போனுக்கு எப்போதும் 25 டிகிரி என்றே தெரியும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. மே மாத மத்தியான வெயிலில், வண்டியின் ஹேண்டில் பாரில் மாட்டி, பவர் பேங்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனுக்குள் அந்த ரெசிஸ்டர் 25 என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் முடிந்த அளவு சோதித்துத்தான் வாங்குகிறோம். 5000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் சுமார் 70 கிராம் எடை இருக்க வேண்டும். கையில் எடுத்ததுமே லேசாக இருந்தால் அது பொய். பேட்டரிப் பாதுகாப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 16046 முத்திரையும் அதன் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். ஆனால் முத்திரையையும் அச்சடிக்கிறார்கள். உங்கள் கவுண்டரிலிருந்து பில்லோடு வரும் பேட்டரிக்கு இந்தச் சோதனை எதுவும் தேவைப்படாது.

இது முடியாத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதே போன்ற கடமை உங்கள் மேல் இருக்கிறது. அங்கே மாடல் விற்பனை நின்று 7 ஆண்டுகள் வரை, உங்களைச் சாராத பழுதுபார்ப்போருக்கும், 5 முதல் 10 வேலை நாளுக்குள் பாகம் தர வேண்டும். அங்கே தர முடிந்ததை இங்கே ஏன் தருவதில்லை? நம் நுகர்வோர் நலத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் திறந்தது. அதில் உங்கள் சர்வீஸ் சென்டர் முகவரி கிடைக்கிறது. முகவரியைத் தேடிப் போனால் பேட்டரி கிடைக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். 2006 முதல் 2014 வரை அங்கே நோக்கியா போன்கள் தயாராயின; இன்றும் அங்கிருந்து உலகுக்கெல்லாம் கைபேசிகள் போகின்றன. இந்த ஊர்ப் பிள்ளைகள் கையால் பூட்டிய போனை இந்த ஊரிலேயே கழற்றிப் பூட்ட விடமாட்டேன் என்றால் என்ன நியாயம்? பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டு, சுற்றுச்சூழலுக்காக என்றீர்கள். அதே போனை ஒரு பேட்டரிக்காக மொத்தமாகத் தூக்கிப்போடச் சொல்கிறீர்கள். உப்பிய பேட்டரிகளை மக்கள் குப்பையோடு போட, அவை மாநகராட்சி லாரியில் நசுங்கிக் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்குப் போய்ச் சேருகின்றன. அசல் பேட்டரியையே போட்டாலும், உங்கள் கடையில் போடவில்லை என்பதற்காக "அறிமுகமில்லாத பாகம்" என்று திரையில் காட்டும் போன்களும் உண்டு. வாடிக்கையாளர் எங்களைத் திருடரைப் போலப் பார்க்கிறார்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு மறுபடி கேட்கிறோம். விற்பனை நின்று 7 ஆண்டுகள் வரை அசல் பேட்டரியைக் கவுண்டரில் விற்றுத் தாருங்கள். மாடல்வாரியாக விலையை வெளிப்படையாகப் போடுங்கள். ஒட்டும் டேப்பையும் பின்மூடி சீல் டேப்பையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள். அவை இல்லாமல் மூடினால் முதல் மழைக்கே தண்ணீர் இறங்கும். பழைய பேட்டரியை, உப்பியது என்றாலும், அதே கவுண்டரில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பியின் ஜாப் கார்டு உங்களில் ஒருவருடைய பதிவில் இருக்கிறது. அந்த மாடலின் பேட்டரி எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை முதலில் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். இரண்டாவது பேட்டரியும் உப்பிய அதே போனோடுதான் அவர் இப்போதும் வண்டி ஓட்டுகிறார்.

இப்படிக்கு,
ரிச்சி தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் கைபேசி பழுதுபார்ப்போர்,
சென்னை