பழைய மடிக்கணினிகளுக்கான வைஃபை டிரைவர்கள் நூலகங்களில் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, பல ஆண்டுகள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளுக்குள் வருவதில்லை. ஆகவே எங்கள் தக்கலைப் பகுதியில் பலரும் அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பார்க்கிறார்கள், அல்லது பழைய விண்டோஸையே பார்மட் செய்து மீண்டும் போடுகிறார்கள். இரண்டிலும் முதலில் காணாமல் போவது வைஃபை. அது வராததாலேயே, நன்றாக ஓடும் கணினிகள் பரணுக்கும் பழைய சாமான் கடைக்கும் போகின்றன. இதை எண்ணி வருந்தியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தங்கை மகள் 2015-இல் பிளஸ் டூ படித்தபோது பெற்ற மடிக்கணினியை, பாலிடெக்னிக்கில் படிக்கும் அவள் தம்பிக்குக் கொடுப்பதற்காகச் சென்ற மாதம் ஒரு பழுதுபார்க்கும் கடையில் பார்மட் செய்தார்கள். திரும்பி வந்தபோது வைஃபை அடையாளமே இல்லை. கேட்டதற்கு, 'கார்டு போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் ஆகும்' என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். முந்தைய நாள் வரை வேலை செய்த கார்டு பார்மட் செய்ததும் எப்படிப் போகும் என்று எனக்குப் புரியவில்லை. அதனால் கணினியை வாங்கி வைத்துக்கொண்டு நானே பார்த்தேன்.

விண்டோஸில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று ஒரு வரி இருந்தது. அதன் விவரப் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி என்ற இடத்தில் உள்ள இரண்டு எண்களே கார்டில் உள்ள வைஃபை சிப்பின் அடையாளம்: முதலாவது தயாரிப்பாளரையும் இரண்டாவது மாடலையும் குறிக்கும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை -nn சேர்த்து இயக்கினால் இதே எண்களைக் காட்டும். எங்கள் கணினியில் இரண்டாவது எண் 4365, அதாவது பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்43142 சிப். கணினியால் அந்த எண்ணைப் படிக்க முடிகிறது என்றால் பெரும்பாலும் கார்டுக்கு உயிர் இருக்கிறது என்றுதான் பொருள். இல்லாதது அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் மட்டுமே. கடைக்காரர் இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் அந்தக் குடும்பத்திடம் 1,800 ரூபாய் கேட்டிருக்க வேண்டியதில்லை.

இதில் வழக்கமான சிக்கல், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போன்றது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். கிராமத்து வீடுகளில் லேன் கேபிள் இழுத்திருப்பதும் குறைவு. கைப்பேசியைச் சார்ஜ் செய்யும் டேட்டா கேபிளால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும், கணினி அதை ஒரு நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும். அந்தக் கணினியில் லினக்ஸைப் போட்டு, அப்படித்தான் பிராட்காம் எஸ்டிஏ என்ற டிரைவர் தொகுப்பை நிறுவினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனாலும் வைஃபை பட்டியல் வரவில்லை. ஒரு மாலை முழுவதும் போராடிய பிறகே காரணம் தெரிந்தது. கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்ததால், டிஜிட்டல் கையொப்பமில்லாத அந்த டிரைவரை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஏற்க மறுத்திருக்கிறது. டிரைவருக்கு நாமே ஒரு டிஜிட்டல் சாவியைப் பதிவு செய்து கையொப்பமிடலாம், அல்லது செக்யூர் பூட்டை அணைக்கலாம். நான் அணைத்தேன். மறுமுறை கணினியைத் திறந்தபோது அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பையன் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

செய்தி பரவியதும் உறவினரும் அண்டை வீட்டாரும் மேலும் சில கணினிகளைக் கொண்டு வந்தார்கள். ஒன்றில் பக்கவாட்டில் இருந்த சிறு சுவிட்ச் அணைந்திருந்தது, அவ்வளவுதான். லினக்ஸில் ஆர்எஃப்கில் என்ற கட்டளை அதை ஒரு நொடியில் காட்டிவிட்டது. இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தும் வீட்டு ரவுட்டரின் பெயர் மட்டும் தெரியவில்லை. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஒலிபரப்பியது. அந்தப் பழைய கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் தவிர வேறு தெரியாது. ஏதெராஸ் என்ற நிறுவனத்தின் சிப் இருந்த கணினியில் லினக்ஸ் நிறுவியதுமே வைஃபை வந்துவிட்டது, ஏனெனில் அந்த வகைக்கு, சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற தனி மென்பொருள் கோப்பே தேவையில்லை. உண்மையிலேயே பழுதான கார்டு ஒன்றே ஒன்று. குளச்சலில் கடலோரத்தில் இருந்து வந்த அந்தக் கணினியைத் திறந்தபோது, ஆன்டெனா ஒயரின் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இரு பருவமழையும் உப்புக்காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் இது நடக்கக்கூடியதே. ஆனால் முதலிலேயே இதைச் சந்தேகிக்கக் கூடாது.

டிரைவரைத் தேடும் பிள்ளைகள் வழிதவறுவது இணையத்தில்தான். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் தருவதாகச் சொல்லும் முகம் தெரியாத தளங்களில் இருந்து இறக்கி, டிரைவருக்குப் பதிலாக விளம்பரக் குப்பையை வாங்கி வருகிறார்கள். மடிக்கணினித் தயாரிப்பாளரின் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுவதே பாதுகாப்பானது. ஆனால் பத்து ஆண்டு பழைய மாடல்களின் கோப்புகள் பல இடங்களில் நீக்கப்பட்டுவிடுகின்றன. லினக்ஸ் பக்கம் நிலைமை தேறியிருக்கிறது. 2023 ஜூனில் வெளியான, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பில் இருந்து, பெரும்பாலான வைஃபை சிப்களுக்கான ஃபர்ம்வேர் நிறுவும் ஊடகத்திலேயே சேர்ந்து வருகிறது.

ஆகவே தங்கள் நாளிதழின் வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். விலையில்லா மடிக்கணினிகள் எந்த ஆண்டில் எந்த மாடலாக வழங்கப்பட்டன என்ற விவரம் அரசிடம் இருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் உரிய வைஃபை சிப்பின் எண்ணையும் டிரைவரையும் ஒரே பக்கத்தில் தமிழ் விளக்கத்துடன் வெளியிட வேண்டும். மறுவிநியோகத்துக்கு உரிமம் இல்லாத கோப்புகளுக்குத் தயாரிப்பாளரின் பக்க முகவரியைத் தந்தால் போதும். அதன் நகலை ஒரு பென் டிரைவில் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் வைத்தால், இணையம் இல்லாத கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் மாணவர் அங்கேயே அமர்ந்து நிறுவிக்கொள்ள முடியும். பழுதுபார்க்கும் கடைகளும், கார்டை மாற்றச் சொல்லும் முன் அந்தச் சிப்பின் எண்ணை ரசீதில் எழுதித் தரும் வழக்கத்தை ஏற்க வேண்டும். நான் சரிசெய்த மாடல்களின் குறிப்புகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த நூலகம் கேட்டாலும் நேரில் வந்து கொடுக்கவும், வாரம் ஒரு நாள் அங்கிருந்து உதவவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.