முன் சக்கரம் மடங்கியதற்கு நான் காரணமில்லை

பெறுநர்: பராமரிப்பு மேலாளர் அவர்கள்

பொருள்: செனெகா விமானத்தின் முன் கியர் (சக்கர அமைப்பு) கோளாறும் என் பயிற்சிக் கோப்பில் உள்ள குறிப்பும்

ஐயா,

கடந்த 11ஆம் தேதி மாலை தரையிறங்கியபோது பைப்பர் செனெகாவின் முன் சக்கரம் மடங்கி, இரண்டு புரொப்பெல்லர்களும் ரன்வேயில் அடித்தன. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் 9ஆம் தேதி நான் விமானத்தைக் கடுமையாக இறக்கியதால்தான் கியர் பழுதானது என்று என் கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். நேற்றுதான் பார்த்தேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

11ஆம் தேதி, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டில் கியர் லீவரை இறக்கியதும், சக்கரங்கள் இறங்கி லாக் ஆனதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் இரண்டுதான் எரிந்தன. முன் சக்கரத்துக்கானது எரியவில்லை. நேவிகேஷன் லைட் போட்டிருந்தால் இந்த விளக்குகள் மங்கி, பகலில் அணைந்ததுபோலத் தெரியும். அதனால் இன்ஸ்ட்ரக்டர் முதலில் அந்த சுவிட்சைப் பார்த்தார், அது ஆஃபில் இருந்தது. எரிகிற பல்பைக் கழற்றி அங்கே மாட்டினோம், அப்போதும் எரியவில்லை. டவரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறி, கியரை ஒருமுறை ஏற்றி இறக்கினோம். அப்புறம் வேகத்தைக் குறைத்து எமர்ஜென்சி நாபை இழுத்தோம். செனெகாவில் சக்கரங்களை மேலே பிடித்து வைத்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம்தான். அதை விடுவித்தால் அவை தாமாக விழவேண்டும். டவர் அருகே தாழப் பறந்தபோது, முன் சக்கரம் கீழே இருப்பதாகத்தான் சொன்னார்கள். லாக் ஆகியிருக்கிறதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?

இன்ஸ்ட்ரக்டர்தான் இறக்கினார். மெயின் சக்கரங்கள் அவ்வளவு மென்மையாகத் தொட்டன. முடிந்தவரை மூக்கைத் தூக்கியே வைத்திருந்தார். வேகம் குறைந்து மூக்கு தாழ்ந்ததும் சக்கரம் மடங்கியது.

இப்போது விமானத்தின் பழுதுகளைப் பதியும் டெக் லாகைப் பாருங்கள். 8ஆம் தேதியே, அதாவது நீங்கள் சொல்லும் என் லேண்டிங்குக்கு முந்தைய நாளே, வேறொரு மாணவர் முன் கியர் பச்சை விளக்கு எரியவில்லை என்று ஸ்னாக் (கோளாறுக் குறிப்பு) எழுதியிருக்கிறார். "பல்ப் மாற்றப்பட்டது" என்று ஒரே வரியில் அதை முடித்திருக்கிறீர்கள். விமானத்தை ஜாக்கில் ஏற்றி கியரை இயக்கிப் பார்த்ததாக எந்தப் பதிவும் இல்லை. சரி, நான் கடுமையாக இறக்கியது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அன்றே ஹார்டு லேண்டிங் ஆய்வு நடந்திருக்க வேண்டுமே? அதுவும் லாகில் இல்லை. மறுநாள் வேறு மாணவர்களை அதே விமானத்தில் அனுப்பியிருக்கிறீர்கள்.

செனெகாவின் முன் கியர் மடங்குவது புதிதல்ல. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. 2005இலேயே இதற்காகக் கட்டாய உத்தரவு போட்டது. முன் கியரைத் தாங்கும் டிராக் லிங்கின் போல்ட்டை 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னது. நம் விமானத்தில் அதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்ற பதிவை எனக்குக் காட்டுங்கள்.

கோப்பிலுள்ள குறிப்பை நீக்கி, நீக்கியதாக எழுத்தில் தரவேண்டும். ஏர்லைன் தேர்வுக்குப் போகும்போது அந்தக் கோப்பும் என்னோடு வரும். அப்பா வீட்டை அடகு வைத்துத்தான் இந்தக் கட்டணத்தைக் கட்டினார். பழுதான கியரோடு வானில் சுற்றிய 50 நிமிடத்துக்கும் பில் போட்டிருக்கிறீர்கள், அதையும் திருப்பித் தரவேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் லாக் பக்கங்களின் நகலோடு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
இரட்டை இன்ஜின் பயிற்சி மாணவன்