தார் சுற்றிய கைக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றுச் சாயங்காலம் வாலாஜா வந்து சேர்ந்தோம். வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்பிய பிறகுதான் கவனித்தேன், திருப்பியது வலது கை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மகள் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதனால் அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீங்கிய வலது கையின் சுற்றளவு, முழங்கைக்கு மேலே 37 சென்டிமீட்டர் இருந்தது இப்போது 33. இடது கை 30. மீதி 3 எப்போது இறங்கும், இறங்குமா என்று யாரும் கேட்காதீர்கள். பஸ்ஸில் "யானைக்கால் கைக்கும் வருமா?" என்று கேட்ட அக்காவுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: இது கொசுவால் வந்ததில்லை. புற்றுநோய்க்காக அக்குளில் இருந்த நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்த பிறகு, நிணநீர் வடிகிற வழி சிலருக்கு அடைபட்டுப் போகும். நீர் கையிலேயே தங்கிவிடும். எனக்குத் தங்கியது.

இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது.

வேலூர் தோட்டப்பாளையத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். தினமும் காலையில் சிகிச்சையாளர் கையை நீவிவிட்டு, விரலிலிருந்து அக்குள் வரை பஞ்சும் பேண்டேஜும் அடுக்கடுக்காகச் சுற்றுவார். அக்னி நட்சத்திர வெயிலில் இரவும் பகலும் அதோடுதான் இருக்க வேண்டும். மறுநாள் விடிகாலையில் அவிழ்த்துவிட்டு, துவைத்து வைத்திருக்கிற மாற்றுச் சுருள்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும். துவைப்பது பெரிய விஷயமில்லை. சுருட்டுவதுதான். ஒற்றைக் கையால் சுருட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மோவாயில் ஒரு முனையை அழுத்திக்கொண்டு, தொடையில் உருட்டி, கடைசிச் சுற்றில் கைநழுவி, மொத்தமும் தரையில் நாடா மாதிரி ஓடும். மகள் பரீட்சைக்காக ஊரில் இருந்தாள். என் வீட்டுக்காரருக்கோ மருந்துக் கடைக்கும் ஆஸ்பத்திரி கவுண்டருக்கும் ஓடவே நேரம் சரியாக இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் இப்படி அல்லாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறை அம்மா கொடியில் சேலை உலர்த்திக்கொண்டே பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "இன்னா கண்ணு இது, தாரு சுத்தறாப்பலதானே கீது, இங்க குடு" என்று வாங்கிக்கொண்டார். காலை நீட்டி உட்கார்ந்து, துணியின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, மறுமுனையிலிருந்து சுருட்டத் தொடங்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எடுத்துப் பார்த்தால் சுருளின் இரண்டு பக்கமும் அறுத்து வைத்த மாதிரி சமமாக இருந்தது.

குடியாத்தத்தில் லுங்கித் தறிக்கு நாற்பது வருஷம் தார் சுற்றினவராம். தார் என்றால் ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலைச் சுற்றிய சின்னக் குழல்; தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் அதை வைப்பார்கள். ராட்டையில் இழுப்பு ஒரே சீராக இல்லாவிட்டால், நாடா ஓடும்போது நூல் சிக்கி ஊடை அறுந்துவிடும், நெய்கிறவர் திட்டுவார் என்றார். மறுநாள் காலையில் சிகிச்சையாளர் சுருளைக் கையில் வாங்கியதும், "யார் சுத்துனது?" என்று கேட்டார். சுருள் சீராக இருந்தால்தான் கட்டும்போது அழுத்தமும் சீராக வருமாம். அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதினெட்டாம் நாள் வரை இப்படித்தான். ஒரு நாள்கூட நான் போய்க் கேட்கவில்லை. ஆறு மணிக்கு அவரே வந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய கணவர் வார்டில் இருந்தார். எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "கீறாரு" என்பார், அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் என் அண்ணன் ஒரு நோட்டீஸோடு வந்தார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து, புதுத் திசுவாக வளரக்கூடிய ஸ்டெம் செல் பிரித்து அக்குளில் ஊசி போட்டால், தழும்பு இளகிப் புது நிணநீர்க் குழாய் முளைக்கும், மூன்று லட்சம் ஆகும், சங்கிலியை அடகு வைத்துவிடலாம் என்றார். ஊர் பேர் வேண்டாம். அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாசத்தில் கொண்டுவந்தது. எனக்கும் ஆசைதான். கட்டு இல்லாமல், வீக்கத்துக்காக இறுக்கிப் போடுகிற ஸ்லீவ் இல்லாமல் ஒரு கை!

சிகிச்சையாளர் சிரிக்காமல் பதில் சொன்னார். இப்படி ஒரு ஆராய்ச்சி இருப்பது உண்மை. டென்மார்க்கில் பெண்களுக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள்; கனம் குறைந்த மாதிரி இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள், ஆனால் கையின் அளவு குறையும் என்பது உறுதியாகவில்லை. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்குச் செய்கிற எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை ஆராய்ச்சியாகத்தான் கொடுக்கலாம். ஆராய்ச்சி என்றால் பதிவு எண் இருக்கும், நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

இதை அன்று சாயங்காலம் அந்த அம்மாவிடம் சொன்னேன். சுருட்டிக்கொண்டே, "மூணு லட்சத்துக்கு ரசீது குடுப்பாங்களாமா?" என்று கேட்டார். அண்ணன் அங்கேயே போன் போட்டு ரசீதும் பதிவு எண்ணும் கேட்டார். லைனில் இருங்கள் என்று சொன்னவர்கள் அப்புறம் எடுக்கவே இல்லை. சங்கிலி என் கழுத்தில்தான் இருக்கிறது.

மற்றவர்களைச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னியுங்கள். ஸ்டவ்வும் குக்கரும் கொடுத்து, பேசத் தெரியாமலேயே தினம் மீன் குழம்பு நீட்டிய எதிர் அறை வங்காளித் தம்பதி, காத்திருந்ததற்குக் காசு வாங்காத ஆட்டோ அண்ணன், என் வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்ட டீச்சர்கள், விடுப்பு விண்ணப்பத்தைத் தானே எழுதிக்கொண்ட தலைமையாசிரியை அம்மா, நான் வாயால் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், அளவு கேட்காமல் ஜாக்கெட் கையை அகலமாக வெட்டி ஊக்கு வைத்துத் தைத்த பஜார் டெய்லர். எல்லோருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் நேரில் திட்டுங்கள்.

ஸ்லீவை தினமும் போடுவேன். அந்தக் கையில் ஊசியோ ரத்த அழுத்தப் பட்டையோ வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். முறையாகப் பதிவான ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டால், டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பெயர் கொடுப்பேன். காசு கொடுக்க மாட்டேன்.

பத்தொன்பதாம் நாள் நான் திரும்பி வந்தபோது பக்கத்து அறை பூட்டியிருந்தது. காலையிலேயே காலி செய்துவிட்டார்கள் என்றார் லாட்ஜ் பையன். அவருடைய கணவரைப் பற்றிக் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. என் அறைக் கதவுக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. முந்தின நாள் கொடியில் விட்டுவிட்டு வந்த ஆறு பேண்டேஜும் சுருட்டி உள்ளே இருந்தன.

குடியாத்தத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த மே மாதம் வேலூரில் கணவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த, தார் சுற்றுகிற அம்மா யாரென்று விசாரித்து, இதை வாசித்துக் காட்டுங்கள். ஐயா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இப்போது நானே இரண்டு கையாலும் சுருட்டுகிறேன், நடுவில் மட்டும் இன்னும் தளர்கிறது என்றும் சொல்லுங்கள்.