மரக்காலையில் பலகை வளைக்கச் சொல்லித்தந்த ஐயாவுக்கு நன்றி

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1:48 அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். 89 அடிக் கப்பல், மாதிரியில் 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். 1938இல் ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற புதுப் பெயரோடு நம்மவர்கள் அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய கப்பல் கிடையாது.

ஏராவையும் (அடிமரம்) வங்குகளையும் (விலா மரங்கள்) பொருத்தி நிறுத்திவிட்டேன், ஆனால் அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருந்தன. மரம் விற்கும் மரக்காலையில் என் கையிலிருந்த கப்பல் வரைபடத்தைப் பார்த்த ஒரு பெரியவர், நான் கேட்காமலே பக்கத்தில் வந்து, பென்சிலை வாங்கி ஒரு பலகைத் துண்டில் கோடு போட ஆரம்பித்தார். நடுவங்கில் எத்தனை பலகையோ அதே எண்ணிக்கைதான் அணியத்திலும், அங்கே சுற்றளவு குறைவதால் ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கி ஒடுக்கவேண்டும், ஆனால் பாதி அகலத்துக்குக் கீழே போகக்கூடாது தம்பி, போனால் ஊசி குத்தவும் இடம் இராது என்றார். அப்புறம் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஒரு தகர டப்பாவைச் சுற்றிக் கட்டி, காயும்வரை அவிழ்க்காதே என்றார். கப்பல் கயிறுகளுக்கான நூலின் பிசிர் அடங்கத் தேன்மெழுகு தடவச் சொன்னதும் அவர்தான்.

பெயரைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஐயா, பலகைகள் இப்போது அச்சாவாகப் படிந்திருக்கின்றன. மனமார்ந்த நன்றி. பாய்மரம் ஏற்றும்போது நீங்கள் கட்டாயம் வரவேண்டும், மரக்காலையில் சொல்லிவைத்திருக்கிறேன்.