அலுங்குக்கு விலை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில், சாக்கு மூட்டையோடு நான்கு பேர் பிடிபட்ட செய்தி வந்திருந்தது. மூட்டைக்குள் இருந்தது ஒரு அலுங்கு, உயிரோடு. 'பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள எறும்புத்தின்னி' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அது என்ன பிராணி, எப்படி வாழ்கிறது, ஏன் அதைப் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் ஊர் டீக்கடையில் அந்த விலையைப் பற்றித்தான் பேச்சு. "நம்ம கண்மாய்ப் பக்கமும் ஒண்ணு திரியுதாமே" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எங்கள் பின்கட்டுக்கு எதிரே, வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் சுற்றுச்சுவர் இடிந்து செம்மண் மேடாகி, அதில் கரையான் புற்று ஏறியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி அங்கே மண்ணைப் பறிக்கிற சத்தம் கேட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். மூக்கு நீண்டு, உடம்பு முழுக்கப் பலாப்பழம் மாதிரி செதில் அடுக்கி, வாலே பாதி உடம்பாக ஒன்று. முன்னங்கால் நகங்களால் புற்றைக் கிழிப்பதும், மூக்கை உள்ளே விடுவதும், இரண்டடி தள்ளிப் போய் மறுபடி கிழிப்பதுமாக அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடக்கும்போது அந்த நகங்கள் மழுங்காமல் இருக்க உள்பக்கம் மடக்கி ஊன்றுகிறது.

சத்தம் கேட்டுத் தெருப் பையன்கள் கம்போடு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான், தலையை வயிற்றுக்குள் சொருகி, வாலை மேலே சுற்றிப் பந்தாகிவிட்டது. சிறுத்தை, புலி வந்தாலும் அந்தப் பந்தைப் பிரிப்பது கஷ்டம். ஆனால் மனிதனுக்கு அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ள அதைவிட வசதி வேறில்லை. எத்தனையோ காலமாக அதைக் காப்பாற்றிய உபாயமே இன்றைக்கு அதற்கு எமனாகிவிட்டது என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு என் அப்பத்தா வெளியே வந்து, "கம்பை விடுங்கடா, அது பாட்டுக்குப் போகட்டும்" என்று ஒரு அதட்டல் போட்டார். பையன்கள் விலகினார்கள். கால் மணி நேரம் பொறுத்து மூக்கு மட்டும் வெளியே வந்து மோந்து பார்த்தது, அப்புறம் மெல்ல எழுந்து இருட்டுக்குள் போய்விட்டது.

அதன்பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பாலூட்டிகளில் உடம்பில் செதில் உள்ளது இந்த இனம் மட்டும்தான். ஆசியாவில் 4, ஆப்பிரிக்காவில் 4 என்று 8 வகை, நம் பக்கம் இருப்பது இந்திய அலுங்கு. வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பசை மாதிரி எச்சில் ஊறும் நீண்ட நாக்கு, அதன் வேர் நெஞ்சுக்கூட்டின் அடிவரை போகிறது. கோழி கல் பொறுக்கி விழுங்குவது போல இதுவும் மண்ணையும் பொடிக்கற்களையும் சேர்த்து விழுங்கி, வயிற்றுக்குள்ளேதான் இரையை அரைக்கிறது. எறும்பு ஏறாமல் காதையும் மூக்கையும் மூடிக்கொள்ளவும் தெரியும். பார்வை மட்டு, மோப்பம்தான் எல்லாம். தென் அமெரிக்காவின் எறும்புண்ணியும் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன், இல்லை. இது பூனை, நாய் வகையறாவுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது, பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் என்பது. தாயின் வால் மேல் தொற்றிக்கொண்டு போகும், ஆபத்து என்றால் தாய் அதை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்ளும். ஒரு தாயைச் சாக்கில் போட்டால் எத்தனை வருடத்து வாரிசு போகிறது என்று யோசித்துப் பாருங்கள். சரி, பிடித்து வளர்க்கலாமே என்றால், கூண்டில் அடைத்தால் பெரும்பாலும் சரியாக இரை எடுக்காமல் செத்துப்போய்விடும்.

செதிலை மோதிரமாகப் போட்டால் மூலம் குணமாகும் என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். செதில் என்பது கெரட்டின், நம் விரல் நகத்தில் இருக்கும் அதே பொருள், அதில் எந்த மருந்தும் இல்லை. காலங்காலமாக இதை மருந்தாக விற்ற சீனாவே 2020-ல் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து செதிலை எடுத்துவிட்டது. 2016-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்காகக் கூடிய நாடுகள் எட்டு வகையின் சர்வதேச வணிகத்தையும் தடை செய்தன. நம் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் இது முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உங்கள் செய்தியில் பெரிய எழுத்தில் வர வேண்டியது இந்த எண்கள்தான்.

எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பவர்கள் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள். பழைய ஓலையையும் கணக்கேட்டையும் மரச்சாமானையும் கரையானுக்குப் பறிகொடுக்காத வீடு செட்டிநாட்டில் ஏது? அந்தக் கரையானைத் தின்று வாழும் பிராணி இது என்று தெரிந்தால் எங்கள் ஆட்களே காவல் இருப்பார்கள்.

நான் கேட்பது இரண்டுதான். இனி அலுங்கு பிடிபட்ட செய்தியில் விலை போடாதீர்கள். கூடவே, ஊருக்குள் ஒன்று வந்துவிட்டால் கூட்டம் கூடாமல், கம்பால் நோண்டாமல், நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று நான்கு வரியும், அந்தந்த வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும் போடுங்கள். பிப்ரவரி மாதம் மூன்றாவது சனிக்கிழமை உலக அலுங்கு தினம். அன்றைக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால், வெட்டி எடுத்து எங்கள் டீக்கடைச் சுவரில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி வட்டாரம்