அந்தச் சேற்றுப் போட்டோவின் மீதிக் கதை

அன்புள்ள மல்லிகா,

நான் நலம். நீயும் நலமென்று நம்புகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் மகள் நேற்று போனில் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி எழுத மனசு வரவில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ மண் குளியல் நிலையத்துக்குப் போகிறாயாமே, மூன்று வாரம் ஆகிறதாமே? ஏன் என்று அவள் கேட்டதற்கு, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைக் காட்டி, "இவளைப் பாரு, சேத்தைப் பூசிக்கிட்டு உக்காந்தே மூட்டு வலியப் போக்கிட்டா, நமக்கு எதுக்கு மாத்திரை? இயற்கையா வந்தது என்ன கெடுதல் பண்ணிரும்?" என்றாயாம். ஏட்டி, அந்தப் போட்டோவை அனுப்பியது நான். அதனால் மீதிக் கதையையும் நானே சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சரி சரி என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் கடைசி வரி வரைக்கும் படிப்பாய், அது எனக்குத் தெரியும்.

பெரியவன் வீடு நான்காவது மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. நான் மாடிக்கு மாடி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்து அவனே பயந்துபோனான். ஆபீசில் யாரோ சொன்னார்களென்று இரண்டு வாரத்துக்கு இஸ்கியா தீவுக்குக் கூட்டிப்போனான். இத்தாலியின் நேபிள்ஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் ஒன்றரை மணி நேரம். மொத்தமே 46 சதுர கிலோமீட்டர்தான், நடுவில் எபோமெயோ என்று 789 மீட்டர் உயரத்தில் ஒரு மலை. தீவே எரிமலைத் தீவு. கடைசியாக நெருப்பைக் கக்கியது 1302-இல், ஆனாலும் அடியில் சூடு ஆறவில்லை. மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் பாறை இடுக்கு வழியாக இறங்கி, அந்தச் சூட்டில் சூடேறி, உப்பையும் தாதுவையும் கரைத்துக்கொண்டு வேறொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. உன்னைப் போன்ற ஃபிசிக்ஸ் டீச்சருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதலில் சந்தோஷமானதைச் சொல்லிவிடுகிறேன். தீவின் தென்மேற்கில் சொர்ஜேத்தோ என்று ஒரு சின்னக் குடா. மேலே இருந்து வந்தால் இருநூறு படிக்கு மேல் இறங்க வேண்டும், அது எனக்கு ஆகாதென்று சாந்த் ஆஞ்சலோவிலிருந்து படகில் போனோம். கரையோரத்தில் கல்லுக்கு அடியிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊறி நேராகக் கடலில் கலக்கிறது. சுவர் இல்லை, டிக்கெட் இல்லை, கல்லை வட்டமாக அடுக்கி ஆளுக்கொரு குழி. நான் போய் உட்கார்ந்தேன். இடது காலை ஒரு சாண் நகர்த்தினால் சுரீரென்று சுடுகிறது, வெடுக்கென்று இழுத்தால் அதற்குள் ஓர் அலை வந்து வலது காலைச் சில்லிட வைத்துவிட்டுப் போகிறது. அந்த ஒரு சாணுக்குள்ளேயே நமக்கு ஏற்ற சூட்டை நாமே தேடிக்கொள்ள வேண்டும். பக்கத்துக் குழிப் பெரியவர் வலைப்பையில் நாலு முட்டையைப் போட்டு ஊற்றுக்கண்ணில் இறக்கிவிட்டு, அது பாட்டுக்கு வேகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். வெந்ததும் எனக்கும் ஒன்று கொடுத்தார், உரிக்கும்போது ஓட்டில் மணல் ஒட்டியிருந்தது. நம் ஹாஸ்டல் அண்டா ஞாபகம் வந்துவிட்டது, மல்லிகா. ராணி மேடம் இருந்திருந்தால் அந்தக் கடலுக்கும் ஒரு பூட்டுப் போட்டிருப்பார்.

அப்புறம் மலைமேல் நித்ரோதி என்று ஓர் ஊற்று. அது கொதிக்கும் ஊற்றில்லை, 28 டிகிரிதான். தோலுக்கு நல்லது என்று பேர். குளித்த பிறகு துண்டால் துடைக்காமல் உடம்பிலேயே காயவிடச் சொல்கிறார்கள். ரோமானியர் காலத்தில் அங்கே அப்போலோ சாமிக்கும் ஊற்றுத் தேவதைகளுக்கும் சலவைக்கல்லில் உருவம் செதுக்கி நேர்ந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லெல்லாம் இப்போது நேபிள்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. நம் ஊரில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறோமே, அதே வேண்டுதல்தான்.

சரி, சேற்றுக்கு வருகிறேன். நீ போட்டோவில் பார்த்தது கசமிச்சோலா என்ற ஊரில் உள்ள ஒரு குளியல் நிலையம். களிமண்ணை மாதக்கணக்கில் அந்த ஊற்றுத் தண்ணீரிலேயே ஊறவைத்துப் பதமாக்குகிறார்கள். ஃபாங்கோ என்று பெயர். தொட்டால் இட்லி மாவைவிடக் கெட்டியாக, வழவழவென்று, சாம்பல் நிறத்தில் இருக்கும். அதைச் சூட்டோடு முட்டியில் அப்பித் துணி சுற்றிக் கால் மணி நேரம் படுக்க வைப்பார்கள். பிறகு கழுவிவிட்டு வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிஷம், பிறகு போர்வைக்குள் படுத்து வேர்த்துக்கொட்ட வேண்டும். இப்படிப் பன்னிரண்டு நாள். வலி குறைந்தது உண்மை. இப்போது நாலு மாடிக்கு ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கிறேன்.

ஆனால் போட்டோவில் இல்லாதது ஒன்று உண்டு. சேற்றைத் தொடுவதற்கு முன்னால் அங்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார், பிரஷர் பார்த்தார், இசிஜி எடுத்தார். பிரஷர் மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்று பெரியவனைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். நாலாம் நாள் காலையில் பிரஷர் 170 காட்டியது. இன்றைக்குச் சேறும் கிடையாது, தொட்டியும் கிடையாது, அறைக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபமான கோபம், காசு கட்டியாயிற்றே என்று. அப்புறம்தான் பெரியவன் அவர் சொன்னதை விளக்கினான்: சூட்டில் ரத்தக்குழாய் விரிகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, எழுந்து நிற்கும்போது பிரஷர் சரேலென்று இறங்கித் தலைசுற்றும். அதனால்தான் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரு நிமிஷம் தரமாட்டாள். இந்த ஊர்க்காரர்களுக்கும் டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்தால்தான் அரசாங்க மருத்துவக் கணக்கில் வருஷத்துக்குப் பன்னிரண்டு வேளை கிடைக்குமாம். இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. 1588-லேயே ஜூலியோ யசோலினோ என்ற நேபிள்ஸ் மருத்துவர், எந்த ஊற்று எந்த நோய்க்கு என்று தீவு முழுவதையும் பார்த்துப் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார். கடைசி நாளன்று, தேய்ந்த எலும்பு திரும்ப வளராது, வலி சில மாதம் அடங்கியிருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்.

இயற்கை கெடுதல் பண்ணாது என்கிறாயே, நான் சேறு பூசிப் படுத்திருந்த அதே கசமிச்சோலாவில் 1883 ஜூலை 28-ஆம் தேதி ராத்திரி பூகம்பம் வந்து 2,300 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். குளிப்பதற்கென்று வந்து தங்கியிருந்தவர்களும் அதில் உண்டு. பெனெதெத்தோ குரோச்சே என்று பின்னாளில் பெரிய தத்துவ அறிஞராக ஆனவர், அன்றைக்குப் பதினேழு வயதுப் பையன். அப்பா, அம்மா, தங்கை மூன்று பேரையும் ஒரே ராத்திரியில் பறிகொடுத்து, தானும் இடிபாட்டில் பல மணி நேரம் கிடந்திருக்கிறார். 2022 நவம்பர் 26-ஆம் தேதி பெருமழையில் மலைச்சரிவு இடிந்து சேறாக ஓடிவந்து பன்னிரண்டு பேரைக் கொண்டுபோயிற்று. எல்லாம் அதே மலைதான், மல்லிகா. சரிவில் அந்தத் தடம் இன்னும் தெரிகிறது, குளியல் முடிந்து வெளியே வந்தால் எதிரே அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். உனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொன்றும் சொல்கிறேன். பக்கத்து ஊர் லாக்கோ அமேனோ தண்ணீரில் ரேடான் என்ற கதிரியக்க வாயு இருக்கிறது. 1918-இல் மேரி கியூரியே ஊற்றுகளின் கதிரியக்கத்தை ஆராய இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார். அதுவும் இயற்கையாக வந்ததுதானே? முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளிடம் யாரோ "மாத்திரை விஷம், எங்கள் மண் குளியல் போதும்" என்றால் நம்பிவிடுவாயா? நீ போகும் அந்த நிலையத்தில் ஒருநாளாவது உனக்குப் பிரஷர் பார்த்தார்களா? உன் மகளைக் கேட்டேன், இல்லை என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நாம் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். நான் வேறெதுவும் எழுத வேண்டியதில்லை.

மண் குளியலை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. முட்டிக்கு இதமாக இருந்தால் செய், நானே செய்துகொண்டவள்தானே. மாத்திரையைத் தொடர்வதா, அளவை மாற்றுவதா, மண் குளியல் உனக்கு ஆகுமா என்பதை மட்டும் உன் டாக்டர் சொல்லட்டும். திங்கட்கிழமை காலையில் போ. வழக்கம்போல அண்ணனை அனுப்பி மருந்து மட்டும் வாங்கிவரச் சொல்லாதே, நீயே போ.

நான் செப்டம்பரில் வருகிறேன். பெரியவன் உனக்கென்று ஒரு டப்பா ஃபாங்கோ வாங்கி வைத்திருக்கிறான். டாக்டர் சரி என்றால்தான் தருவேன். திங்கட்கிழமை பிரஷர் பார்த்ததும் அந்த மெஷினில் தெரியும் நம்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இங்கே நேரம் மூன்றரை மணி பின்னால்தான், எப்போது வந்தாலும் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன்,
விஜயா