பரந்தனில் புல்டோசர் இறங்குமுன்

ஆசிரியருக்கு,

கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தனில் இரசாயனத் தொழில் வலயம் அமைக்கும் திட்டம் குறித்துத் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். வேலைவாய்ப்பு வருமென்றால் வன்னியில் யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. ஆனால், காணியைத் துப்புரவாக்கும்போது பழைய தொழிற்சாலையோடு ஊழியர் விடுதிகளின் மிச்சமும் மண்மேடாகிவிடக் கூடாது. உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்த அந்தத் தொழிற்சாலை 1950களில் எழுந்து, 1980களில் போரால் முடங்கியது. வயலையும் குளத்தையும் மட்டுமே வன்னியின் வரலாறாகச் சொல்லிப் பழகிவிட்டோம். மாதச் சம்பளத்தில், இரவு வேலை முறைக்கு ஏற்பப் படுத்தெழுந்த குடும்பங்களும் இங்கே வாழ்ந்தன. எங்களுடையதும் அவற்றில் ஒன்று. நாங்கள் இருந்த விடுதிக்கு இன்று கூரையில்லை. முன்சுவரில் கறுப்பு மையில் எழுதிய இலக்கமும், கிணற்றடியில் உடுப்புத் தோய்த்த கல்லும் அப்படியே இருக்கின்றன.

தொல்பொருள் திணைக்களம் என்றாலே, காணி பறிபோய்விடுமோ என்ற அச்சத்தில் இங்குள்ளவர்கள் முகம் சுளிக்கிறார்கள்; அதற்குக் காரணமும் உண்டு. ஆகவே இப்பொறுப்பைக் கரைச்சிப் பிரதேச சபையே ஏற்கலாம். அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்களைக் கொண்டு, இடிப்பதற்கு முன் எஞ்சிய கட்டடங்களை அளந்து வரையச் செய்யலாம். ஒரு விடுதியையாவது திருத்தி, முன்னாள் ஊழியர்களின் அடையாள அட்டைகள், சம்பளச் சீட்டுகள், குழுப் படங்களை அங்கே சேர்த்து வைக்கலாம். அவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வலயத்தின் அடிக்கல் நாட்டு விழாவரை காத்திருக்க வேண்டாம்.

முன்னாள் ஊழியர் ஒருவரின் மகன்,
கிளிநொச்சி